கையெழுத்துக் கேட்கும் கத்தி: அரசு மருத்துவமனை நோயாளிகளிடம் அறுவை ஆய்வு நடத்தலாமா?

வண்ணாரப்பேட்டை வாசகர்:
என் மைத்துனருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்து, ஓர் அரசு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் மாலை வார்டுக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர், குடலைக் கையால் தைத்து இணைப்பதையும் ஸ்டேப்ளர் கருவியால் இணைப்பதையும் ஒப்பிடும் ஆய்வு நடப்பதாகவும், யாருக்கு எந்த முறை என்பதைக் கணினி குலுக்கலில் முடிவு செய்யும் என்றும் கூறி, அவரிடம் கையெழுத்துக் கேட்டார். மரியாதையாகவே கேட்டார், மறுக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் விடிந்தால் தம் வயிற்றைத் திறக்கப் போகிற குழுவிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு, காசிமேட்டில் கூலிக்கு மீன் கூடை சுமப்பவருக்கு எங்கிருந்து வரும்? போக வேறு இடமில்லாதவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதமாக நான் ஏற்கவில்லை. இதற்கு ஒரு வழி காணும் வரையில் அரசு மருத்துவமனைகளில் குலுக்கல் முறை அறுவை ஆய்வுகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

குடலறுவை மருத்துவர்:
ஐயா, சம்மதம் முந்தின நாள் மாலையில் கேட்கப்பட்டது தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. புறநோயாளிப் பிரிவிலேயே சொல்லி, வீட்டில் கலந்து பேச அவகாசம் தந்திருக்க வேண்டும். ஆனால் ஆய்வையே நிறுத்தச் சொல்வதை ஏற்க மாட்டேன். இரைப்பைப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பையைச் சுற்றியுள்ள, புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களை எவ்வளவு தூரம் அகற்றுவது என்பதில், விரிவாக அகற்றும் டி2 முறையே சிறந்தது என்று ஜப்பானிய நிபுணர்கள் உறுதியாக நம்பினார்கள். நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை நோயாளிகளைச் சேர்த்து, 711 பேரிடம் அதைக் குறுகிய டி1 முறையுடன் ஒப்பிட்டார்கள். 1999இல் வெளிவந்த முடிவின்படி, அறுவையை ஒட்டிய இறப்பு டி1 பிரிவில் 4 விழுக்காடு, டி2 பிரிவில் 10 விழுக்காடு. 5 ஆண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் முறையே 45, 47 விழுக்காடு என ஏறத்தாழச் சமம். டி2 பிரிவில் பலருக்கு மண்ணீரலையும் கணையத்தின் வால் பகுதியையும் சேர்த்து எடுத்ததே அந்த இறப்புகளுக்குப் பெருங்காரணம் என்று தெரிந்த பிறகுதான், அவற்றைக் காப்பாற்றிக்கொண்டே கணுக்களை அகற்றும் முறை பரவியது. குலுக்கல் ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், தேவையின்றி மண்ணீரலை இழந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கும்; அதற்கு யாரும் அவர்களிடம் தனிக் கையெழுத்தும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஏழைகளிடம் ஆய்வு கூடாது என்பவர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை அளித்தது. பெரும்பாலோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது என்றும், வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்றும் 1959இல் வந்த முடிவு, உலகெங்கும் காசநோயாளிகளைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. அதனால் முதலில் பயனடைந்தவர்கள் ஏழைகளே.

வண்ணாரப்பேட்டை வாசகர்:
டாக்டர், நீங்கள் தந்த இரண்டு சான்றுகளும் என் பக்கமே நிற்கின்றன. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். வெட்டிய குடலை முன்னிருந்தபடி ஆக்க முடியாது. அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வுகளில் நோயாளிகளைப் பின்தொடர்ந்த காலம். காசநோய் ஆய்வில் நோயாளிகளையும் வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் தேடிச் சென்று பரிசோதித்தார்கள். டச்சு ஆய்வின் மறுபாதியை நீங்கள் சொல்லவில்லை: 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் டி1 பிரிவில் 48 விழுக்காடு, டி2 பிரிவில் 37 விழுக்காடு. 1999இல் தோற்றதாகத் தோன்றிய முறைக்கு 2010இல் வேறு முகம் தெரிந்தது. அவ்வளவு காலம் ஒவ்வொருவரையும் தொலைக்காமல் வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. என் மைத்துனர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு, அந்த ஆய்வுக்காக அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. முதுநிலை மாணவரின் ஆய்வேடு முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிடுகிறது என்றால், ஒரு மனிதரின் உடலை அதற்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

தண்டையார்பேட்டை வழக்குரைஞர்:
சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியையும் இங்கே சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, முற்றிலும் புதிய வேதிப்பொருளை மருந்தாக எளிய நிலையிலுள்ளவரிடம் ஆய்வு செய்தால், சம்மதம் பெறுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். மருந்து எதுவும் இல்லாமல் இரண்டு தையல் முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது ஆய்வுகளின் அறநெறியைப் பரிசீலிக்கும் நெறிக்குழுவின் ஒப்புதலோடும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளோடும் நின்றுவிடுகிறது. மாத்திரைக்கு இருக்கும் காவல் கத்திக்கு இல்லை. நானும் நிறுத்திவைக்கும் பக்கமே.

உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர்:
கல்லீரல் மாற்று வார்டில் பணிபுரியும் செவிலியராக எழுதுகிறேன். நிறுத்திவைத்தால் யாருக்கு இழப்பு என்பதை அண்ணன்கள் இருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லீரல் மாற்றுப் பெற்றவர் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் தணிக்கும் மருந்து எடுக்க வேண்டும். அவருக்குக் காசநோய் வந்து, அதற்கான ரிஃபாம்பிசின் மருந்தைத் தொடங்கினால், அது இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைச் சடசடவென்று இறக்கிவிடும். உடல் புதுக் கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கலாம். காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் இந்தக் கேள்விக்கு அவசரம் இல்லை. வியாசர்பாடியிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் வரும் நோயாளிக்கு யாருக்கு எப்போது காசநோய்த் தடுப்பு மருந்து, ரிஃபாம்பிசினுக்குப் பதில் எந்த மருந்து என்பதை இங்கே நாம் கண்டறியாவிட்டால் வேறு எவர் கண்டறிவார்?

இன்னொன்றும் உண்டு. கொடையாகப் பெற்ற கல்லீரலைக் குளிர்ந்த, ஆக்சிஜன் ஊட்டிய திரவம் ஓடும் கருவியில் வைத்துப் பொருத்தினால் பித்தநாளச் சுருக்கம் குறைகிறது என்று ஐரோப்பாவில் 156 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. 18 விழுக்காடு 6 ஆனது. அந்த ஆய்வு முழுவதும் இதயத் துடிப்பு நின்ற பின் பெற்ற கல்லீரல்களைப் பற்றியது. நம் மாநிலத்தில் இறந்தோர் கொடை என்பது பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து வருகிறது. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

சம்மதம் பற்றி அண்ணன் சொல்வது எனக்குப் புரிகிறது. அறுவை செய்பவர் கையெழுத்துக் கேட்கக் கூடாது. குழுவில் இல்லாத ஒருவர், நோயாளியின் வீட்டார் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். மறுத்தவரின் பெயர் அறுவை மருத்துவருக்குத் தெரியவே கூடாது.

வண்ணாரப்பேட்டை வாசகர்:
தங்கை, யார் கேட்கிறார் என்பதில் நீங்கள் சொல்வது நல்ல வழி. ஆனால் உயிருள்ள கொடையாளரை என்ன செய்வீர்கள்? அண்ணனுக்காகத் தன் கல்லீரலின் வலப்பகுதியைத் தரும் தம்பி நோயாளியே அல்ல. அவரிடம் புதிய துளைவழி அறுவை முறையைப் பழகிப் பார்ப்பதற்கு எந்த மருத்துவப் பயனைக் காரணம் காட்டுவீர்கள்?

குடலறுவை மருத்துவர்:
உயிருள்ள கொடையாளரைக் குலுக்கலில் சேர்க்க நானும் தயங்குவேன். புதிய அறுவை முறைகள் படிப்படியாகவே வளர வேண்டும் என்று 2009இல் அறுவை ஆய்வாளர்கள் வகுத்த ஐடியல் நெறிமுறை சொல்கிறது: முதலில் சிலரிடம் மட்டும், பிறகு ஒவ்வொருவரையும் பதிவேட்டில் ஏற்றி, அதன் பிறகே ஒப்பீடு. கொடையாளர்களுக்குக் கட்டாயப் பதிவேடு வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

மற்றபடி நிறுத்திவைப்பதில் உள்ள ஆபத்தை நீங்கள் இன்னும் எதிர்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனைகள் ஆய்விலிருந்து விலகினால், தரவு முழுவதும் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மட்டுமே வரும். பணம் கட்ட முடிந்த, நல்ல ஊட்டத்தோடு வரும் நோயாளியின் உடலிலிருந்து பெற்ற விடையை, இரத்தசோகையோடும் எடை குறைந்தும் நோய் முற்றிய பின் வரும் எண்ணூர்த் தொழிலாளியின் மீது நாளை நாங்கள் பயன்படுத்த நேரிடும். அதுவும் ஓர் ஆய்வுதான்; அதற்குக் கையெழுத்துகூடக் கிடையாது.

வண்ணாரப்பேட்டை வாசகர்:
அந்த ஆபத்து உண்மையானது. ஆனாலும் என் நிபந்தனையை விடவில்லை. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவு செய்யும்போதே, குறைந்தது 5 ஆண்டுக்கு நோயாளிகளைத் தேடிச் செல்லும் பணியாளர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதையும் எழுதிக் காட்டட்டும். எழுத முடியாத ஆய்வை நெறிக்குழு திருப்பி அனுப்பட்டும். அதுவரை நிறுத்தம்தான்.

உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர்:
மாற்று நோயாளிகளை எங்களால் தொலைக்காமல் வைத்திருக்க முடிவது, அவர்கள் மாதந்தோறும் மருந்து வாங்க வந்தாக வேண்டும் என்பதால்தான். புற்றுநோய் அறுவை முடிந்தவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தொலைபேசி எண் மாறிவிடுகிறது. கரையோரக் குடியிருப்பிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்தின் பழைய முகவரிக்குக் கடிதம் போய்த் திரும்பி வருகிறது. ஆகவே அண்ணன் கேட்கும் பணியாளர் தேவைதான். அவர் வரும்வரை, சேர்க்கும் நாளிலேயே உறவினர் இருவர், தெருவிலுள்ள கடைக்காரர் ஒருவர் என மூன்று எண்களை வாங்கி வைக்கும்படி எங்கள் துறையில் கேட்டிருக்கிறேன்.