குறும்பகலா, நெட்டிரவா?

அன்புடைய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாருக்காக வளர்க்கப்படும் கஞ்சாவின் பயிர்ப் பெருக்கம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சணல் வேறு செடி, சணப்பும் வேறு செடி. ஆகவே ‘நார்க்கஞ்சா’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். பனையைப் போலவே இதிலும் ஆண் தனி, பெண் தனி. ஆண்செடி பெரும்பாலும் பெண்செடியை முந்திக்கொண்டு பூத்து, மகரந்தத்தைக் காற்றில் தூவியபின் காய்ந்துபோகிறது. எனவே, தேர்ந்தெடுத்த ஓர் ஆண்செடியின் மகரந்தத்தைச் சேகரிக்க விரும்பும் ஆய்வாளர், திறந்தவெளியில் அது எப்போது பூக்கும் என்பதை முன்னரே கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பை விளக்கும் பத்தியில்தான் ‘குறும்பகல் தாவரம்’ (short-day plant), அதாவது பகல் குறுகும் காலத்தில் பூக்கும் செடி, என்ற சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது.

பாடநூலில் ஊன்றிவிட்ட இந்தச் சொல்லை அசைக்க வேண்டாம் என்று நம் குழுவின் மூத்தவரான ஐயா அவர்கள் நேற்று எழுதியிருந்தார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் சொல்லே பொருளை மறைக்கும்போது என்ன செய்வது? குறும்பகல் தாவரம் என்று வகைப்படுத்தப்படும் மருளூமத்தை (Xanthium) என்னும் களைச்செடியை எடுத்துக்கொள்வோம். இரவு ஏறத்தாழ எட்டரை மணி நேரத்தைத் தாண்டினாலே அது பூத்துவிடும். அதாவது 15 மணி நேரப் பகலிலும் பூக்கும். சென்னையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. 15 மணி நேரத்தைக் ‘குறும்பகல்’ என்று எழுதினால் வியாசர்பாடியில் படிக்கும் மாணவர் எதை எண்ணிக்கொள்வார்?

ஆங்கிலப் பெயரும் இதே பிழையைச் சுமப்பதுதான். 1920இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும் ‘மேரிலாந்து மாமத்’ என்னும் புகையிலையையும் சோயாவையும் ஆராய்ந்து வெளியிட்டபோது, பகலின் நீளத்தை வைத்தே பெயர் சூட்டினார்கள். ஹாம்னர், பானர் என்னும் ஆய்வாளர்கள் 1938இல் மருளூமத்தையின் நீண்ட இரவுக்கு நடுவே சில நிமிடம் ஒளி காட்டினார்கள்; செடி பூக்கவில்லை. பகலுக்கு நடுவே இருளைப் புகுத்தியபோதோ எதுவும் கெடவில்லை. செடி அளப்பது இரவையே என்பது தெளிவாயிற்று. இதில் என்னை வியக்க வைத்தது வேறொன்று: இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1914இல், பிரான்சு நாட்டின் தாவரவியலாளர் தூர்னுவா, பகல் குறைவதைவிட இரவு நீள்வதே முன்கூட்டிய பூப்புக்குக் காரணம் என்று எழுதிவிட்டார். அவர் ஆராய்ந்த செடிகளுள் ஒன்று இதே கஞ்சா. அவர் அதே ஆண்டு போரில் மாண்டுபோக, பகலின் பெயர் நிலைத்துவிட்டது.

இதை நான் தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியிலேயே பார்த்தேன். ஒரே நாளில் வாங்கிய இரண்டு சாமந்தித் தொட்டிகள். ஒன்று தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழும் கைப்பிடிச்சுவர் ஓரத்தில் இருந்தது. மற்றொன்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில், விளக்கொளி எட்டாத மூலையில் இருந்தது. மூலையில் இருந்த செடி மிளகளவு மொட்டுகளை நுனிதோறும் வைத்துவிட்ட பிறகும், சுவரோரத்துச் செடி இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பகல் ஒன்றே, இரவுதான் வேறு. அந்தச் சுவரோரத்துச் செடியைக் காட்டி ‘குறும்பகல்’ என்ற சொல்லால் எதையும் விளக்க முடியவில்லை. ‘இதற்கு நீண்ட இரவு கிடைக்கவில்லை’ என்றதும் எங்கள் வீட்டுச் சிறுவனுக்கே புரிந்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை ‘நெட்டிரவுத் தாவரம்’. நெடுமையும் இலையும் சேர்ந்து நெட்டிலை ஆவது போல, நெடுமையும் இரவும் சேர்ந்து நெட்டிரவு ஆகிறது; புணர்ச்சியில் இடர் இல்லை. பூப்பதற்குத் தேவையான மிகக் குறைந்த இரவு நீளத்தை ‘வரம்பிரவு’ எனலாம். இடையில் ஒளி காட்டி இரவைக் குலைப்பதை ‘இரவுமுறிப்பு’ எனலாம். பழைய சொல்லை அறவே நீக்க வேண்டும் என்பதில்லை; முதல் இடத்தில் மட்டும் ‘குறும்பகல் தாவரம் எனப்படும் நெட்டிரவுத் தாவரம்’ என்று எழுதிவிட்டால், பாடநூல் வழி வருபவருக்கும் வழி தப்பாது.

இதன் எதிர்ச்சொல்லில்தான், அதாவது இப்போது ‘நெடும்பகல் தாவரம்’ எனப்படுவதற்கான புதுச் சொல்லில்தான், சிக்கல். ‘குற்றிரவு’ இலக்கணப்படி சரி, ஆனால் கேட்டதும் குற்றம் நினைவுக்கு வருகிறது. ‘குறுவிரவு’ என்றால் விரவுதல் தலைகாட்டுகிறது. சிற்றூர் போலச் ‘சிற்றிரவுத் தாவரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ஐயாவும் மற்றவர்களும் இந்த ஒன்றைப் பற்றி முதலில் கருத்துச் சொன்னால், கட்டுரையின் அடுத்த பகுதிக்குச் செல்வேன்.