கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை: உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் பழைய கல் பலகை ஒன்று இருக்கிறது. 1914-1919 பெரும் போருக்கு (முதல் உலகப் போர்) இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பெயர்கூட இல்லை. போனவர்கள் எங்கள் தாத்தாக்களின் அப்பாக்கள், மனசு கேட்கவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அந்தப் போரில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயரை அன்று ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்களோ, தேடினால் சிக்கவில்லை. தேடிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். இன்றைய ஈராக் பகுதியில் அந்தப் போரில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவுச் சின்னப் பட்டியலிலிருந்து தொடங்கலாமா? உயிரோடு திரும்பியவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்தில் கிடைக்கும்?

அப்புறம், எழுத்துக் குழிகளில் பல வருடச் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. கல் தேயாமல் அதை எடுப்பது எப்படி? பொங்கலுக்குள் பெயர்களோடு பக்கத்தில் புதுக் கல் ஒன்று வைக்க ஊரில் பேசி முடித்திருக்கிறோம்.