புதுப்பிப்பு: ஸ்பீக்கர் மாற்றியும் பேஸ் வராத கார்

போன மாதம் கேட்டிருந்தேன்: முன் கதவுகளில் புதிதாக 6.5 அங்குல ஸ்பீக்கர் போட்டதும் பேஸ் (தாழ்ந்த 'தும் தும்' ஒலி) முன்பைவிடக் குறைந்துவிட்டதே, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கணுமா என்று. வாங்கவில்லை. "முதல்ல வயரைப் பாரு" என்று சொன்ன அண்ணனுக்கு ஒரு காபி கடன்.

ஸ்டீரியோவில் இடது-வலது பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளினால் பேஸ் கேட்டது, நடுவில் வைத்தால் காணோம். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்டீரியோவின் பின்னால் வயர்களைக் கழற்றி, பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். இடது கோன் வெளியே வந்தது. வலது உள்ளே போனது! மாட்டிக்கொடுத்த கடைக்காரரைத் திட்டவும் தோன்றவில்லை, சிரிப்புதான் வந்தது.

வலது ஸ்பீக்கரில் தலைகீழாக மாட்டியிருந்த பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றியதுமே பாதி வேலை முடிந்தது. அப்புறம் கதவு. தட்டினால் தகர டப்பா சத்தம். உள்தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளை மூடி பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டும் ரப்பர் தாள்) ஒட்டினேன். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்னால் கசிவது நின்றது. அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், கதவு துருப்பிடிக்கும்.

மிகத் தாழ்ந்த ஒலிகள் ஸ்பீக்கருக்குப் போகாமல் வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். சத்தம் கூட்டினாலும் குரல் பிசிறவில்லை.

மிச்சம் ஒன்று: போனை ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிளில் பாட்டு ஓடும்போது அதே போனைச் சார்ஜில் போட்டால் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல், ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் போச்சு. கிரவுண்ட் லூப்தான் (போனும் ஸ்டீரியோவும் சார்ஜர் வழியாகவும் கேபிள் வழியாகவும் காரின் எர்த்தில் இணைவதால் வரும் இரைச்சல்). கேபிள் வழியான அந்த எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஆர்டர் போட்டாச்சு.