தாய் சி நிலைகளில் முட்டியின் உட்புறம் வலிப்பது ஏன்?

பல்லடம் தையல் அக்கா:
அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் நாள் முழுவதும் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் நான், ஐம்பது வயதுக்கு மேல், எங்கள் ஊர்ப் பூங்காவில் காலையில் நடக்கும் வகுப்பில் தாய் சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியில், யாங் மரபின் 24 அசைவுத் தொடரைக் கற்று வருகிறேன். முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் வில் நிலையில் முட்டி கால்விரல்களைத் தாண்டக் கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை விடாமல் கடைப்பிடிக்கிறேன். ஆயினும் அந்த நிலையிலிருந்து திரும்பும்போது வலது முட்டியின் உட்புறத்தில் சுருக்கென்று குத்துகிறது. வீக்கம் எதுவும் இல்லை. இன்னும் உயரமாக நிற்க வேண்டுமா, பயிற்சியையே நிறுத்திவிட வேண்டுமா?

பொள்ளாச்சி பிசியோ:
வணக்கம் அக்கா. முட்டி விரல்களைத் தாண்டுகிறதா என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும். உங்கள் வலிக்கான காரணமோ முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். முழங்கால், கதவுக் கீலைப் போல மடங்கி நீளும் மூட்டு. மடக்கியிருக்கும்போது சற்றே சுழலும், அவ்வளவுதான். தாராளமாகச் சுழலக்கூடியது இடுப்பின் பந்துக்கிண்ண மூட்டு. உடல் எடை முழுவதும் ஏறிய பாதம் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழங்காலில் வந்து இறங்கும். முட்டியும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் உட்பக்க நார் இழுபடும். எலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வும் நசுங்கும்.

ஒன்று செய்து பாருங்கள். தையல் சாக்பீஸால் பேண்ட்டின் மேல், முட்டிச் சில்லின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் வில் நிலையில் நின்று, அந்தப் புள்ளி கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிய பின்காலின் முட்டியையும் சேர்த்துப் பாருங்கள். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

ரேஸ்கோர்ஸ் பயிற்சியாளர்:
பிசியோ சொன்னதோடு பாத இடைவெளியையும் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களையும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் வைத்தால் இடுப்பு இறுகிக்கொள்ளும். பிறகு திரும்புவதற்கு முழங்காலைத் தவிர வேறு இடம் இராது. பாதங்களுக்கு இடையே தோள் அகலத்துக்குக் குறுக்கு இடைவெளி இருக்கட்டும்.

உங்கள் தொடரில் காட்டுக்குதிரையின் பிடரியை வகிர்வது போன்ற அசைவு மூன்று முறை வருமல்லவா? ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம்தான் முழங்காலுக்குச் சோதனையான இடம். முதலில் எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்பாதத்தின் விரல்கள் தரையை விட்டு எழுந்த பிறகு, இடுப்போடு சேர்த்து அந்தப் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்து, அதன்பின் எடையை ஏற்றுங்கள். எடை ஏறிய பாதத்தை ஒருபோதும் திருகாதீர்கள்.

பல்லடம் தையல் அக்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். புள்ளி கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போகிறது. அப்படியானால் எவ்வளவு தாழ்ந்து நிற்கலாம்?

பொள்ளாச்சி பிசியோ:
முட்டி எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்குச் சில்லின் பின்னால் அழுத்தம் கூடும். ஆகவே இப்போதைக்கு உயரமாக, பாதங்களுக்கு இடையே முன்பின் தூரத்தைக் குறைத்து நில்லுங்கள். புள்ளி விலகாமல் நிற்கும் உயரம்தான் உங்கள் உயரம். வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு தாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். பிட்டத்தின் பக்கத் தசைகள் வலுக் குறைந்திருந்தாலும் முட்டி உள்ளே சாயும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டியபடி மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி அதற்கு உதவும்.

பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரைக் கொண்டு பாஸ்டனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய் சி பயிற்சி பிசியோதெரபிக்கு இணையான பலனைத் தந்தது. ஆனால் மூட்டு வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது முட்டி பிடிமானமின்றி மடங்கினாலோ உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ரேஸ்கோர்ஸ் பயிற்சியாளர்:
காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும் அக்கா. பூங்காவின் இன்டர்லாக் கல்லில், ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடியுடைய ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் பாதத்தைத் திருப்ப நினைத்தாலும் அது திரும்பாது. அடி மெல்லியதாகவும் தட்டையாகவும் உள்ள கேன்வாஸ் ஷூ போதும்.