சிகப்பு ரோஜாக்கள் படத்தை முதலில் எங்கே பார்த்தீர்கள்?

நானே தொடங்கி வைக்கிறேன். நான் பார்த்தது டூரிங் கொட்டகையில். 1978 கடைசியில் வெளியான படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மறு வருடத்து வெயில் காலம் வந்துவிட்டது. தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். பதினாறு வயதினிலே, கிழக்கே போகும் ரயில் எடுத்த பாரதிராஜா படம் என்று சொன்னதும் அப்பத்தாவும் கூடவே கிளம்பி வந்துவிட்டது. வயலும் வரப்பும் வரும் என்று நம்பி வந்தால், திரையில் காரும் பங்களாவும் கறுப்புப் பூனையும். இடைவேளையில் கடலையைக் கொறித்துக்கொண்டே, "என்னடா இது, ஒரு ஆடு மாட்டக்கூட இன்னும் காணோம்" என்றது.

ரெண்டாம் ஆட்டம் விட்டு வாய்க்கால் கரை வழியாக இருட்டில் வீடு திரும்பினோம். ஒருத்தரும் பேசவில்லை. பாதி தூரத்தில் அப்பத்தா மட்டும் சொன்னது: "அந்தப் பய சிரிச்சா நல்லாத்தான்டா இருக்கான்." எனக்கு அப்போதுதான் நிஜமாகவே உதறல் எடுத்தது. கமல் கத்தியோடு பெண்களைக் கொல்ல வந்த காட்சியெல்லாம் மறந்துபோய், அந்தச் சிரிப்பு மட்டும் கூடவே நடந்து வந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

நான் பார்க்கவில்லை, ஓட்டினேன். ஒரு சின்ன டவுன் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்துவிட்டு, ஓட்டை வழியாகத் திரையைப் பார்ப்பதைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்ப்பேன். மற்ற படங்களில் பாட்டு வந்ததும் பாதிப் பேர் பீடி பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இந்தப் படத்தில் மொத்தமே ரெண்டு பாட்டு. அதற்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் முதல் வாரமே என்னிடம் வந்து சண்டை போட்டார், நான்தான் படம் எடுத்த மாதிரி.

'நினைவோ ஒரு பறவை' பாட்டை ஜானகியோடு கமலே பாடியிருப்பார். ராஜா போட்ட மெட்டு எவ்வளவு குளுமை! அந்தப் பாட்டு ஓடும்போது ஹாலில் எல்லாத் தோளும் தளர்ந்து இறங்குவதை மேலேயிருந்து பார்க்கலாம். பூனை வந்தால் அத்தனையும் ஒன்றாக ஏறும். தினமும் நான்கு காட்சி, அதே இடத்தில் இறங்கி, அதே இடத்தில் ஏறும். அந்தப் பாட்டு இல்லையென்றால் பூனைக்கு யாரும் பயந்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

* * *

ஆபரேட்டர் அண்ணா, உங்கள் தியேட்டரில் "குத்துங்க எசமான் குத்துங்க, இந்தப் பொண்ணுங்களே இப்படித்தான்" என்று, சின்ன வயது கமலாக வரும் அந்தப் பையன் கத்தும்போது யாராவது கை தட்டினார்களா? எங்கள் வீட்டில் தட்டினார்கள்.

உறவில் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள், வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். நடுவில் ஓடியது இது. எனக்குப் பதினாலு வயது. அந்த வசனம் வந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த மாமாக்கள் ரெண்டு பேர் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம், டியூஷன் முடிந்து நாங்கள் யாராவது கொஞ்சம் தாமதமாக வந்தால், வாசலில் இருப்பவர் விளையாட்டாக "குத்துங்க எசமான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அம்மா பழைய பெயின்ட் டப்பாவில் ரோஜாப் பதியன் வைத்திருந்தார். டீத்தூள் சக்கையும் முட்டை ஓடும் போடுவது அம்மா வேலை, தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு, மக்கை நீட்டிப் பிடித்து எட்ட நின்றே வீசுவேன். "தண்ணி ஊத்துறியா, செடியைத் துரத்துறியா?" என்று அம்மா திட்டுவார். படத்தில் வந்த மாதிரி செடிக்குக் கீழே பிணம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சமீபத்தில் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். கொல்லப்படும் பெண்களை முதலில் 'அப்படிப்பட்டவள்' என்று நமக்குக் காட்டிவிட்டுத்தான் படம் கத்தியை எடுக்கிறது. ஸ்ரீதேவி நடித்த சாரதா துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் செய்துகொண்டால்தான் என்று நிற்கிறவள், அதனால் தப்பிப்பாள் என்றுதான் அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் தாலி கட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர்வதும் அதே வீட்டுக்குத்தானே? அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியவரும்போது ஸ்ரீதேவி முகத்தைப் பாருங்கள். படம் வந்தபோது அவருக்கு வயது 15. அன்று டெக்கில் பார்த்துக்கொண்டிருந்த என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்.

* * *

போன வருடம்தான் பார்த்தேன், போனில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். கமலின் வளர்ப்பு அப்பா வரும் இடங்களில்தான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொலைகளைப் படம் பிடித்துவைத்து, அறைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். இப்போது கொல்வதுகூட இல்லை, பார்ப்பது மட்டும். நானும் இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்ததும் எழுந்து லைட்டைப் போட்டேன்.

எனக்குக் குறை, அந்த ஃபிளாஷ்பேக். சின்ன வயதில் ஒருத்தி மாட்டிவிட்டாள், இன்னொருத்தி துரோகம் செய்தாள், அதனால் இவன் இப்படி ஆனான் என்று நியாயம் சொன்னதும் பயம் பாதியாகிவிட்டது. ரெண்டு வருடம் கழித்து வந்த பாலு மகேந்திராவின் மூடுபனியிலும் இதே கதைதான், அப்பா செய்த துரோகத்துக்கு மகன் ஊரில் இருக்கிற பெண்களைக் கொல்கிறான். ஆனாலும் பிரதாப் போத்தன் கிட்டாரை எடுத்து 'என் இனிய பொன் நிலாவே' பாடும்போது காரணமெல்லாம் மறந்துபோகிறது. அந்த விஷயத்தில் ஆபரேட்டர் சார் கட்சிதான் நானும்.

இன்னொன்று: மிரட்டிப் பணம் கேட்கிற அந்த ஓட்டல் சர்வர் பாக்யராஜ் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். வசனமும் அவரே.

* * *

தங்கச்சி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. தட்டினார்கள். விசிலும் அடித்தார்கள். நான் மேலே நின்று, படம் நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசிக் காட்சியில், புத்தி பேதலித்து ஜெயிலில் கிடக்கிறவனுக்கு சாரதா பெயர் ஒன்றுதான் நினைவில் இருக்கும். அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து "அய்யோ பாவம்" என்று தவறாமல் ஒரு சத்தம் வரும், எல்லாக் காட்சியிலும். இத்தனை வருடமும் அது கமலுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன்.