திராசிமாக்கஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது, பிளேட்டோவை மேலே படிக்கலாமா?

கேள்வி:
பிளேட்டோவின் 'குடியரசு' முதல் புத்தகத்தை முடித்தேன். "வலியவனுக்கு எது ஆதாயமோ அதுதான் நீதி" என்று அதில் சாக்ரடீஸோடு வாதிடும் திராசிமாக்கஸ் அடித்துச் சொல்கிறான். சாக்ரடீஸ் மருத்துவர், மாலுமி என்று உதாரணங்களை அடுக்கி அவனை மடக்குகிறார். அவனும் வியர்த்து, முகம் சிவந்து அடங்கிப்போகிறான். ஆனால் அவன் தோற்றதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஆள்பவர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சட்டம் போடுவதைத்தானே சொல்கிறான்? இவ்வளவு பலவீனமான பதிலை வைத்துக்கொண்டு இந்த நூல் 2,300 ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது? மீதி ஒன்பது புத்தகங்களையும் படிக்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
தயவுசெய்து இங்கே நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வந்த அதே சந்தேகம் இரண்டாம் புத்தகம் தொடங்கியதுமே அந்த உரையாடலில் இருக்கும் கிளாக்கனுக்கும் வருகிறது. திராசிமாக்கஸ் சீக்கிரமே விட்டுக்கொடுத்துவிட்டான், எனக்குத் திருப்தியில்லை என்று சாக்ரடீஸிடம் நேராகவே சொல்லிவிட்டு ஒரு கதையை எடுத்துவிடுகிறான். ஓர் இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் யார் கண்ணுக்கும் அவன் தெரிய மாட்டான். அரண்மனைக்குள் போகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்றால் எவன் நேர்மையாக இருப்பான்?

பிளேட்டோவின் முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஞானிகளே ஆள வேண்டும், மக்களிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைக்கலாம் என்பதெல்லாம் ஆபத்தானவை. ஆனாலும் எதிராளியை முழுசாகப் பேசவிடுகிறாரே, அதற்காகவே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சோபாக்ளிஸின் 'ஆன்டிகனி' என்ற கிரேக்க நாடகமும் அப்படித்தான். சொந்த நகரத்தின் மீதே படையெடுத்து வந்தவனைப் புதைக்கக் கூடாது என்னும் அரசன் கிரியோன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவன் மகன் ஹைமோனே அவனை எதிர்த்து நிற்கிறான்: ஒரே ஆளுக்குச் சொந்தமென்றால் அது நகரமே அல்ல!

பதில் 2:
அப்படியானால் குறளை எங்கே வைப்பீர்கள்? அங்கே எதிர்வாதம் செய்ய ஆளே கிடையாது.

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு. (552)

வேலோடு வழிமறிப்பவன் 'கொடு' என்பதும், செங்கோல் பிடித்த அரசன் குடிகளிடம் கேட்பதும் ஒன்றுதான் என்று ஏழு சீரில் முடித்துவிட்டார். நீதி இல்லாத அரசு பெருங்கொள்ளை இல்லாமல் வேறென்ன என்று கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டீனும் கேட்டிருக்கிறார். பறிகொடுக்கிறவன் இடத்தில் நின்று பேசும் நூல் பழசாகாது என்பது என் கட்சி.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. 552-ஐப் படித்ததும் ஒன்று பிடிபட்டது. திராசிமாக்கஸ் காட்டுவதும் இதே ஆளைத்தான். அவன் வேல்காரன் பக்கத்தில் நிற்கிறான், வள்ளுவர் வழிப்போக்கன் பக்கத்தில். சரி, கிளாக்கனின் கேள்விக்குப் பதில் எங்கே வருகிறது?

பதில் 1:
நான்காம் புத்தகத்தில் ஒன்று வரும். எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்பதாவதில் வரும் கொடுங்கோலன்தான். எல்லோருக்கும் பயந்து, மற்றவர்களைப் போல வெளியூர் போகவோ திருவிழா பார்க்கவோ முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். எட்டாவதிலிருந்து விடாமல் படித்தால்தான் அந்த இடம் உறைக்கும்.