சுங்கை சிப்புட்: சின்னக் கடை பீட்சாவை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில், ரப்பர் மரங்களைப் பார்த்த கடைவரிசையில், போன மாதம் ஒரு பீட்சா கடை திறந்தார்கள். கோழி பீட்சா 15 ரிங்கிட். மேலே சீஸ் தாராளம், நடுவிலோ மாவு சொதசொத. மகளுக்குப் பிடிக்கிறது, எனக்குத்தான் சந்தேகம். எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

பதில் 1: ஈப்போவில் 6 வருடம் பீட்சா அடுப்படியில் நின்றவன் நான். முதல் தடவை வெறும் சீஸ் பீட்சா கேளுங்கள். சம்பால், நெத்திலி எல்லாம் போட்டால் மாவின் குறை மறைந்துவிடும். துண்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். அங்கங்கே பழுப்புப் புள்ளி வேண்டும். வெள்ளையாக இருந்தால் சூடு போதவில்லை. பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அடுப்பு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். சின்னக் கடை மின் அடுப்பில் அவ்வளவு சூடு ஏறாது. அதனால் மாவில் ஈரம் தங்காதபடி சாஸைக் குறைத்துத்தான் தடவணும். பல பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பதில் 2: ரொட்டி சானாய் மாவு மாதிரிதான் அண்ணே, ஊறினால்தான் ருசி. முதல் நாளே பிசைகிறார்களா என்று கேளுங்கள்.

கேட்டவர்: நேற்றுப் போனேன். காலையில்தான் பிசைகிறாராம். துண்டைத் திருப்பினேன், அடி வேட்டி வெள்ளை. மகள், "அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள்.